சாப்பாடும் மனச்சோர்வும்

பயிற்சி முகாம்களில் மண்ணைப் பற்றிப் பேசி முடித்ததும் யாராவது ஒருத்தர் எழுந்து, “ஐயா, நஞ்சில்லா உணவு சாப்பிட்டா மனச்சோர்வு போயிடுமா?” என்று கேட்கிறார். முகத்தைப் பார்த்தாலே தெரியும், வீட்டில் யாரையோ நினைத்துத்தான் கேட்கிறார். ‘ஆமாம்’ என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்ப எனக்கு மனசு வராது. கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

இரண்டாம் உலகப் போரின் கடைசிக் காலம். ஐரோப்பாவில் பட்டினி கிடந்த மக்களை எப்படிச் சோறு போட்டு மீட்பது என்று அறிய, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் ஒரு சோதனை நடத்தினார். ஆயுதம் ஏந்த மனசாட்சி இடம் தராத 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். உடம்பும் மனசும் திடமாக இருக்கிறவர்களாகப் பார்த்துத்தான் எடுத்தார்கள். 1945 பிப்ரவரியில் தொடங்கி 24 வாரம் அரைப்பட்டினி. நாளுக்கு 3,200 கலோரி அளவில் சாப்பிட்டவர்களுக்கு ஏறக்குறைய அதில் பாதிதான். உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி என்று பஞ்ச காலத்துச் சாப்பாடு.

உடல் எடை கால்வாசி குறைந்தது. அது எதிர்பார்த்ததுதான். மனசுக்கு என்ன ஆச்சு என்பதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. கலகலப்பாக இருந்த பையன்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். எதற்கெடுத்தாலும் எரிச்சல். படிப்பில், நண்பர்களில் நாட்டம் போனது. நினைப்பு முழுக்கச் சோறுதான். சமையல் புத்தகங்களை உட்கார்ந்து படித்தார்கள். கொஞ்சூண்டு சாப்பாட்டில் தண்ணீர் ஊற்றிப் பெருக்கி, மணிக்கணக்காக வைத்துத் தின்றார்கள். ஒருத்தர் கோடாரியால் தன் கைவிரல்களையே வெட்டிக்கொண்டார். சோறு திரும்பக் கிடைத்த பிறகும் சிலருக்கு வயிறு முட்டத் தின்றும் பசி அடங்கவில்லை.

இதே குணங்களை ‘அனோரெக்சியா’ என்ற உண்ணுதல் கோளாறு வந்தவர்களிடம் மருத்துவர்கள் பார்க்கிறார்கள். குண்டாகிவிடுவோமோ என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகிற நோய் அது. நம்ம வீடுகளில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், “திமிரு, ரெண்டு போடு போட்டா சரியாயிடும்” என்கிறோம். அந்தச் சிடுசிடுப்பிலும் ஒதுங்கலிலும் ஒரு பகுதி பட்டினியே உண்டாக்கியது. இலை மஞ்சளானால் நாம் இலையைத் திட்டுவதில்லை, வேரடியில் தோண்டிப் பார்க்கிறோம் இல்லையா?

சரி, நல்ல சாப்பாடு மனச்சோர்வைக் குறைக்குமா? ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா குழுவினர் மனச்சோர்வு நோயாளிகள் 67 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2017இல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்கு உணவு ஆலோசனை. காய், பழம், பயறு, முழுத் தானியம், கொட்டைகள், மீன் என்று. இன்னொரு பிரிவுக்குப் பேச்சுத்துணை மட்டும். 12 வாரம் கழித்து, முதல் பிரிவில் 32 சதவீதம் பேர் நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். மற்றதில் 8 சதவீதம். நல்ல செய்திதான். ஆனால் சின்ன ஆய்வு. அதில் பெரும்பாலானவர்கள் மாத்திரையோ மனநல ஆலோசனையோ எடுத்துக்கொண்டே இருந்தவர்கள். மேடையில் இதைச் சொல்லுகிறவர்கள் அந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லணும், நம்ம ஆட்களுக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை. செடிகொடியில் பி12 கிடையாது. அது குறைந்தால் அசதியும் மறதியும் மனத்தளர்ச்சியும் வரலாம். பால், முட்டை, மீன் எல்லாவற்றையும் விட்டவர்கள் பி12 மாத்திரை எடுத்தே ஆகவேண்டும், தோட்டம் எவ்வளவு இயற்கையாக இருந்தாலும்.

‘ஆர்த்தோரெக்சியா’ என்றொரு சொல் இருக்கிறது. சுத்தமான உணவுதான் வேண்டும் என்ற பிடிவாதமே நோயாகிப் போவது. 1997இல் இந்தச் சொல்லை உண்டாக்கிய மருத்துவர் ஸ்டீவன் பிராட்மன், அதற்கு முன்பு நியூயார்க் மாநிலத்தில் ஒரு கூட்டுவாழ்வுப் பண்ணையில் சமையல்காரராகவும் இயற்கை உழவராகவும் இருந்தவர்! பறித்துக் கால்மணி நேரத்துக்கு மேலான காயைத் தொடமாட்டாராம். ஒவ்வொரு வாயையும் ஐம்பது தடவை மெல்லுவாராம். மருத்துவ நூல்களில் இது இன்னும் தனி நோயாகச் சேரவில்லை. ஆனாலும் முதலில் சர்க்கரை, அப்புறம் அரிசி, அப்புறம் எண்ணெய், கடைசியில் ஊர் விருந்து, உறவுக்காரர் வீடு என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே போகிறவர்களை நம் கூட்டங்களிலேயே நான் பார்க்கிறேன். அவர்களைப் பாராட்டிக் கைதட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

வீட்டில் ஒருத்தர் வேகமாக மெலிந்தால், மற்றவர்களோடு சாப்பிட மறுத்தால், தின்றுவிட்டு வாந்தி எடுத்தால், பெண்பிள்ளைக்கு மாதவிலக்கு நின்றால் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். கம்பங்கூழும் முருங்கைக்கீரையும் அதற்குத் துணை, மாற்று இல்லை. வாழ்க்கையே வேண்டாம் என்று ஒருத்தர் பேசினால் தனியாக விடாதீர்கள். 14416 என்ற அரசின் டெலிமானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

நாள்கணக்கில் சரியாகச் சாப்பிடாமல் எலும்பும் தோலுமாக ஆனவருக்கு, பாசத்தில் ஒரே நாளில் வயிறு நிறையச் சோறு போடாதீர்கள். ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் திடீரென்று இறங்கி இதயம் நின்றுபோகலாம். எவ்வளவில் ஆரம்பிப்பது, எப்படிக் கூட்டுவது என்பதை மருத்துவர்தான் ரத்தப் பரிசோதனை பார்த்துச் சொல்லணும்.