தூரத்தில் நின்று ஜெயிப்பது எப்படி? எல்ஃப் மந்திரவாதி ஆட ஒரு பாடம்

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்து ஒரு மாதம் ஆனால் இரண்டு காரியங்கள் நடந்திருக்கும். பெரியவர்கள் மின்கட்டணம் கட்டவும் ரயில் டிக்கெட் எடுக்கவும் பழகியிருப்பார்கள். பிள்ளைகள் ஏதாவது ஒரு ஆன்லைன் கேமை நிறுவியிருப்பார்கள். அதைப் பெரியவர்களும் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருப்பார்கள்.

இந்த மாதப் பாடம் ஆன்லைன் ரோல் பிளேயிங் கேம்களில் வரும் ஒரு பாத்திரத்தைப் பற்றியது: தூரத்தில் நின்றபடி மந்திரம் எறியும் எல்ஃப். உதாரணத்துக்கு வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற கேமை எடுத்துக்கொண்டேன். பிளிஸார்ட் நிறுவனம் 2004 நவம்பரில் வெளியிட்ட இந்த கேம் இன்றும் நடந்துவருகிறது. 20-வது லெவல் வரை கட்டணம் இல்லை. கற்றுக்கொள்ள அது போதும்.

நான் இருப்பது பாளையங்கோட்டையில். இங்கே இந்த கேம் ஆடுபவர்கள் என்னிடம் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணாச்சி, லேக் அடிக்குது. நல்ல கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டா சரியாகுமா?" பல ஆயிரம் ரூபாய் சம்பந்தப்பட்ட கேள்வி இது. அதற்கான பதிலும் இந்தப் பாடத்திலேயே வருகிறது.

எல்ஃப் யார், மேஜ் யார்?

எல்ஃப் என்பது ஐரோப்பியப் பழங்கதைகளில் வரும் ஓர் இனம். நம் கதைகளில் வரும் கந்தர்வர், வித்யாதரர் போல என்று வைத்துக்கொள்ளலாம். டோல்கீன் 1954-55-ல் வெளியிட்ட 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலுக்குப் பிறகு உயரமான, நீண்ட ஆயுள் கொண்ட எல்ஃப் எல்லோருக்கும் பழக்கமானது. 1974-ல் வந்த 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற மேஜை விளையாட்டு அதை ஆட்டக்களத்துக்குக் கொண்டுவந்தது. கம்ப்யூட்டர் கேம்கள் அங்கிருந்து எடுத்துக்கொண்டன.

மேஜ் என்றால் மந்திரவாதி. எல்ஃப் என்பது பிறப்பு, மேஜ் என்பது தொழில். ஆட்டத்தின் போக்கை முடிவு செய்வது தொழில்தான். மேஜ் துணி அங்கி மட்டுமே அணிவார். இரும்புக் கவசம் கிடையாது. பக்கத்தில் வந்து நாலு அடி அடித்தால் கதை முடிந்தது. நெல் முற்றும் காலத்தில் பரண்மேல் நின்று கவண்கல் எறிந்து பறவை விரட்டுவார்களே, மேஜும் அப்படித்தான். அவருடைய பலம் கல்லில் மட்டும் இல்லை, நிற்கும் இடத்திலும் இருக்கிறது.

தொடங்கும் முன்

8 ஜிபி ராம் வேண்டும். எஸ்.எஸ்.டி. டிஸ்க்கில் 100 ஜிபிக்கு மேல் காலியிடம் வேண்டும். தினசரி டேட்டா அளவு உள்ள மொபைல் இணைப்பில் இதை இறக்க முயல வேண்டாம். அளவில்லாத பிராட்பேண்ட் உள்ள இடத்தில் இறக்குங்கள். நிறுவிய பிறகு விளையாடச் செலவாகும் டேட்டா குறைவு. அதிகம் விழுங்குவது டவுன்லோடும் அப்டேட்டும்தான்.

1. பேட்டில்.நெட் செயலியை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்கி, கணக்கு தொடங்குங்கள்.
2. ரீஜன் தேர்வு செய்யுங்கள். ஒரு ரீஜனில் உருவாக்கிய கேரக்டர் இன்னொன்றில் வராது. ஏற்கெனவே ஆடும் நண்பர் இருந்தால் அவருடைய ரீஜன், சர்வர், அணி மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்.
3. கேரக்டர் பக்கத்தில் பிளட் எல்ஃப் அல்லது நைட் எல்ஃப் தேர்ந்தெடுங்கள். பிளட் எல்ஃப் ஹோர்ட் அணி, நைட் எல்ஃப் அலையன்ஸ் அணி. நைட் எல்ஃபுக்கு ஷேடோமெல்ட் என்ற மறையும் திறன் உண்டு. புதியவருக்கு அது நல்ல கைகாவல்.
4. தொழிலாக மேஜ் தேர்ந்தெடுங்கள். 10-வது லெவலில் ஆர்கேன், ஃபயர், ஃப்ராஸ்ட் என மூன்று பிரிவு கேட்கும். ஃப்ராஸ்ட், அதாவது உறைபனி, எடுங்கள். காரணம் கீழே.

முதல் தூரம்: எதிரிக்கும் உங்களுக்கும்

ஃப்ராஸ்ட்போல்ட் என்பது உறைபனி அம்பு. 40 கஜ தூரம் எட்டும். கிரிக்கெட் பிட்ச் 22 கஜம். ஏறத்தாழ இரண்டு பிட்ச் நீளம் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதை எறிய சுமார் 2 விநாடி ஆகும். பட்ட எதிரியின் வேகம் பாதியாகக் குறையும்.

இப்போது கணக்குப் போடுவோம். கேமில் ஒரு கேரக்டர் விநாடிக்கு 7 கஜம் ஓடும். எதிரியும் அதே வேகம் என்று வைப்போம். முதல் அம்பு பட்டதும் அது நம்மை நோக்கி ஓடி வருகிறது. வேகம் குறையாவிட்டால் 40 கஜத்தை 6 விநாடிக்குள் கடந்துவிடும். அதற்குள் இன்னும் 2 அம்புகள்தான் விட முடியும். வேகம் பாதியானால் 11 விநாடி ஆகும். 5 அம்புகள் விடலாம். அம்பு அதேதான், அடியும் அதேதான். தூரத்தைக் காப்பாற்றியதால் மட்டுமே இந்த லாபம். அதனால்தான் புதியவருக்கு ஃப்ராஸ்ட் என்றேன்.

எதிரி நெருங்கிவிட்டால் இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. ஃப்ராஸ்ட் நோவா அழுத்துங்கள். சுற்றியுள்ள எதிரிகள் நின்ற இடத்திலேயே உறைவார்கள்.
2. மவுஸின் வலது பட்டனைப் பிடித்தபடி திரும்புங்கள். எதிரிக்கு முதுகு காட்டி ஓடுங்கள்.
3. அவசரமென்றால் பிளிங்க் அழுத்துங்கள். பார்க்கும் திசையில் 20 கஜம் தாவும். முதலில் திரும்பிவிட்டுத்தான் அழுத்த வேண்டும். திரும்பாமல் அழுத்தினால் எதிரியின் பக்கமே போய் நிற்பீர்கள்.
4. மறுபடி திரும்பி ஃப்ராஸ்ட்போல்ட்.

எஸ் கீயை அழுத்திப் பின்னோக்கி நடப்பது வேண்டாம். பின்னடை வேகம் விநாடிக்கு 4.5 கஜம்தான். துரத்துபவர் 7 கஜம் வருகிறார். எங்கே தப்புவது? முக்கியமான மந்திரங்களை 1, 2, 3 போன்ற விரலுக்கு எட்டும் கீகளில் வையுங்கள். எஸ்கேப் கீ, ஆப்ஷன்ஸ், கீபைண்டிங்ஸ் என்று போனால் மாற்றலாம்.

இரண்டாவது தூரம்: நெல்லைக்கும் சர்வருக்கும்

2000களின் நடுவில் லெவல் அப் என்ற நிறுவனம் ராக்னராக் ஆன்லைன் கேமை இந்தியாவுக்கெனத் தனியாக நடத்தியது. அது மூடப்பட்டு வெகு காலமாகிவிட்டது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டுக்கு இந்தியாவில் சர்வரே இல்லை. நீங்கள் அழுத்தும் கீ சென்னை அல்லது மும்பைக் கடற்கரை வரை போய், கடலடி கேபிளில் இறங்கி, வெளிநாடு சென்று திரும்ப வேண்டும்.

கண்ணாடி இழையில் ஒளியின் வேகம் விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. மேற்கு ஐரோப்பா இங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 8000 கி.மீ. போய்வர 16,000 கி.மீ. ஆக, 80 மில்லி செகண்டுக்குக் குறைந்து எந்த நிறுவனத்தாலும் தர முடியாது. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, வழியில் ரூட்டர்களும் உண்டு. அதனால் உண்மையில் இதற்கு மேல்தான் ஆகும். என் வீட்டில் 150-ஐ ஒட்டியே காட்டுகிறது.

இனி அந்தக் கிராபிக்ஸ் கார்டு கேள்விக்கு வருவோம். லேக் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது இரண்டு வேறு நோய்கள்.

படம் திக்கித் திக்கி நகர்ந்தால் அது உங்கள் கம்ப்யூட்டரின் நோய். கேமில் கன்ட்ரோல் கீயுடன் ஆர் அழுத்துங்கள். விநாடிக்கு எத்தனை படம் என்ற எண் வரும். அது 30-க்கும் கீழே போனால் முதலில் கிராபிக்ஸ் அமைப்பைக் குறைத்துப் பாருங்கள். செலவில்லாத வைத்தியம் அது.

படம் வழவழவென்று ஓடுகிறது, ஆனால் மந்திரம் தாமதமாகக் கிளம்புகிறது என்றால் அது வழியின் நோய். திரையில் கேம் மெனு ஐகான் மேல் மவுஸை வையுங்கள். ஹோம், வேர்ல்ட் என்று இரண்டு மில்லி செகண்ட் எண்கள் தெரியும். அவை அதிகமென்றால் எவ்வளவு விலை உயர்ந்த கார்டு போட்டாலும் ஒரு மில்லி செகண்ட்கூடக் குறையாது. இருநூறு ரூபாய் லேன் கேபிள் உதவலாம். நம் ஊர்ப் பழைய வீடுகளின் கனத்த சுவர்கள் வைஃபையைப் பாதியாக்கிவிடும். மோடத்திலிருந்து நேரே கேபிள் இழுத்தால் எண் ஏறி இறங்காமல் நிலையாக நிற்கும். விளையாடும் நேரத்தில் வீட்டில் வேறு யாரும் பெரிய டவுன்லோட் வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

நமக்கு ஏற்றவர் மேஜ்தான்

இங்கேதான் இரண்டு தூரமும் ஒன்றாகச் சேர்கின்றன. 150 மில்லி செகண்டில் ஓடும் எதிரி ஏறத்தாழ 1 கஜம் நகர்ந்துவிடுவான். வாள் வீரரின் எட்டு தூரம் சுமார் 5 கஜம். அவருக்கு அது ஐந்தில் ஒரு பங்கு. வீசும் வாள் காற்றைத்தான் வெட்டும். 40 கஜத்தில் நிற்கும் மேஜுக்கு அது நாற்பதில் ஒரு பங்கு. தெரியவே தெரியாது. தொலைவில் இருக்கும் சர்வரில் ஆடுபவருக்குத் தொலைவிலிருந்து அடிக்கும் பாத்திரமே பொருத்தம்.

இன்னொரு வசதியும் உண்டு. ஒரு மந்திரம் முடிய 400 மில்லி செகண்ட் இருக்கும்போதே அடுத்த கீயை அழுத்தினால் சர்வர் அதை வரிசையில் வாங்கி வைத்துக்கொள்ளும். முதல் மந்திரம் முடிந்த கணமே அடுத்தது தொடங்கும். எனவே திரையில் பட்டை முழுதாக நிரம்பும்வரை காத்திருக்காதீர்கள். கடைசித் துண்டு இருக்கும்போதே அழுத்துங்கள். இதைப் பழகினால் 150 மில்லி செகண்ட் தாமதம் எறிவதில் பெரிதாகத் தெரியாது.

ஐந்து பேர் குழுவில்

குழுவில் ஒருவர் அடி தாங்குவார், ஒருவர் குணப்படுத்துவார், மூவர் தாக்குவார்கள். மேஜ் அந்த மூவரில் ஒருவர். உங்கள் கையில் மற்ற நால்வரின் உயிரும் இருக்கிறது. எனவே மூன்று விதிகள்.

அடி தாங்குபவர் தொடங்கும் முன் நீங்கள் எறியாதீர்கள். எதிரி உங்களிடம் வந்துவிடும்.

எதிரி மந்திரம் சொல்லத் தொடங்கினால் கவுன்ட்டர்ஸ்பெல் போட்டு நிறுத்துங்கள். இங்கே மட்டும் லேக் நம்மைக் கெடுக்கும். கடைசி நொடிவரை காத்திருக்காமல் பட்டை பாதியில் இருக்கும்போதே அழுத்துங்கள்.

பாலிமார்ஃப் போட்டால் ஓர் எதிரி ஆடாக மாறி விலகி நிற்கும். அதன்மேல் சிறு அடி பட்டாலும் பழைய உருவம் வந்துவிடும். ஆட்டை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் இங்கே இடி மின்னல் அதிகம். வானம் இருண்டால் குழுவிடம் சொல்லிவிட்டு வெளியேறி, மோடத்தின் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். நட்டநடுச் சண்டையில் காணாமல் போவதைவிட அது மரியாதை.

பெற்றோருக்கு

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டம் இயற்றித் தடை செய்தது. இந்த கேம் அந்த வகை இல்லை. இதில் பந்தயம் கிடையாது. ஆனால் 20-வது லெவலுக்குப் பிறகு மாதச் சந்தா உண்டு. கார்டு விவரத்தைக் கணக்கில் சேமித்து வைக்காதீர்கள். கேம் தங்கத்தைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்று வரும் செய்திகளைத் தொடவே வேண்டாம். பாஸ்வேர்டைத் திருடவே அவற்றில் பல வருகின்றன. ஆத்தென்டிகேட்டர் வசதியை முதல் நாளே இயக்குங்கள். விளையாடும் நேரத்தை வரையறுக்கப் பேட்டில்.நெட் கணக்கில் பெற்றோர் கட்டுப்பாடு இருக்கிறது.

இந்த மாதப் பயிற்சி

ஒரே வகை எதிரிகள் பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் உங்களைத் தொடும் முன் எத்தனை ஃப்ராஸ்ட்போல்ட் விட்டீர்கள் என்று காகிதத்தில் குறியுங்கள். பக்கத்தில் அப்போதைய மில்லி செகண்ட் எண்ணையும் எழுதுங்கள். முதல் எண் நாளுக்கு நாள் ஏறினால் உங்கள் கை பழகுகிறது. இரண்டாவது எண் மாலையில் மட்டும் ஏறினால் குறை கையில் இல்லை, வழியில் இருக்கிறது. அந்தக் காகிதம் கையில் இருக்கும்வரை புதுக் கார்டு வாங்கக் கடைக்குப் போக அவசரப்பட மாட்டீர்கள்.