படம் சொல்லிவிடும்

செங்கல்பட்டு

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். ஆஸ்திரேலிய விசா விண்ணப்பத்தில் காசநோய் பற்றிய கேள்விக்கு ‘இல்லை’ என்று போட்டுவிடலாம் என ஏஜென்ட் சொன்னதாகவும், உன் அம்மாவான என் அக்காவும் அதற்குத் தலையாட்டியதாகவும் நேற்று சொன்னாய். போனில் பேசித் தீர்க்கிற விஷயமில்லை, அதனால்தான் கடிதம். ‘ஆம்’ என்றே போடு.

முதலில் கேள்வியை ஒழுங்காகப் படி. இப்போது உனக்குக் காசநோய் இருக்கிறதா என்று மட்டும் அவர்கள் கேட்கவில்லை. எப்போதாவது இருந்ததா, நோய் உள்ள குடும்பத்தாரோடு நெருங்கிப் பழகினாயா, நெஞ்சு எக்ஸ்ரேயில் எப்போதாவது கோளாறு தெரிந்ததா என்றெல்லாம் தனித்தனியாகக் கேட்கிறார்கள். கல்லூரியில் படிக்கும்போது ஆறு மாதம் மாத்திரை விழுங்கியவள் நீ. “அதுதான் குணமாகிவிட்டதே, அப்புறம் என்ன?” என்பது அக்காவின் கட்சி. குணமானது உண்மைதான். அவர்கள் கேட்டது அதை அல்லவே.

வேலையில் இருந்த காலமெல்லாம் நான் நெஞ்சுப் படம் எடுத்தவன். அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. நுரையீரலின் மேல்பகுதியில் வந்த காசநோய், ஆறிய பிறகும் பல பேருக்குத் தழும்பை விட்டுவிட்டுத்தான் போகும். நார் நாராகச் சில கோடுகள், சுண்ணாம்பு படிந்த சின்ன வெள்ளைப் புள்ளிகள், சிலருக்கு அந்தப் பக்கத்து நுரையீரலே லேசாக மேலே இழுத்துக்கொண்டிருக்கும். குடியேற விண்ணப்பிப்பவர்களில் 11 வயது நிரம்பியவர்கள் எல்லோருக்கும் ஆஸ்திரேலியா நெஞ்சு எக்ஸ்ரே கேட்கிறது. படத்தை வாசிக்கும் டாக்டருக்கு உன்னையும் தெரியாது, உன் ஏஜென்ட்டையும் தெரியாது. கண்ணில் பட்டதை எழுதுவார். உன் பதில் ‘இல்லை’ என்றும், அவருடைய அறிக்கை ‘பழைய காசநோய்த் தழும்பு’ என்றும் ஒரே கோப்பில் அடுத்தடுத்து இருந்தால், அதிகாரி எதை நம்புவார் என்று நீயே யோசி.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு, இது ஆறிப்போன தழும்பா, இன்னும் உயிரோடிருக்கும் நோயா என்று அடித்துச் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது. பழைய படத்தைப் பக்கத்தில் வைத்து, மாற்றமே இல்லை என்று பார்த்தால்தான் சந்தேகம் தணியும். நோய் வந்ததையே மறைத்தவள் பழைய படத்தை எப்படி எடுத்துக் காட்டுவாய்? அப்போது சளிப் பரிசோதனைதான் வழி. மூன்று நாள் சளி எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்புவார்கள். முடிவு வர எட்டு வாரம்கூட ஆகும். எல்லாக் காகிதமும் கொடுத்தாலும் சளி கேட்கத்தான் செய்வோம் என்று அவர்கள் சொல்லலாம். அது அவர்கள் பாடு. ஆனால் அப்போது நீ காத்திருப்பது ஒரு சோதனை முடிவுக்காக மட்டும்தான். மறைத்துவிட்டுக் காத்திருந்தால் ஒவ்வொரு நாளும் வயிற்றில் நெருப்பு.

சட்டம் என்ன சொல்கிறது? ஆஸ்திரேலியக் குடியேற்ற விதிகள் பெயர் சொல்லித் தடுக்கிற நோய் காசநோய் ஒன்றுதான். அந்தத் தடையும் நோய் உயிரோடிருக்கும் வரைக்கும்தான். சிகிச்சை முடித்து வந்தால் கதவு திறக்கும். பழைய நோய்க்காரர்களிடம் பெரும்பாலும் படிவம் 815 என்று ஓர் உறுதிமொழி வாங்குவார்கள். போய் இறங்கிய 28 நாட்களுக்குள் அங்குள்ள சுகாதார உறுதிமொழிச் சேவையைத் தொடர்புகொள்கிறேன், நெஞ்சு மருத்துவமனையில் காட்டிக்கொள்கிறேன் என்பதுதான் அதன் சாரம். இதில் தண்டனை எங்கே இருக்கிறது? நம் ஊரில் காசு கொடுத்துச் செய்துகொள்கிற செக்கப்.

பொய்த் தகவலுக்கு வேறு விதி, 4020 என்பார்கள். அதில் சிக்கினால் விசா மறுப்பு, அதற்கு மேல் மூன்று ஆண்டுகளுக்குப் பெரும்பாலான விசாக்களுக்கு விண்ணப்பித்தாலும் அந்த விதியே குறுக்கே நிற்கும். “ஏஜென்ட்தான் போட்டார், எனக்குத் தெரியாது” என்பது பெரும்பாலும் எடுபடாது. விசா கிடைத்துப் போய்ச் சேர்ந்த பிறகும், தவறான பதில் கொடுத்தது தெரிந்தால் ரத்து செய்ய இடமிருக்கிறது. கனடாவில் இதற்கு ஐந்து ஆண்டுத் தடை. அமெரிக்காவில் ஆயுள் முழுக்க. விலக்கு வாங்கலாம், எளிதில் கிடைக்காது. நோய்க்கு ஒரு சளி டெஸ்ட், பொய்க்கு இவ்வளவு.

ஏஜென்ட் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குப் புரிகிறது. ‘ஆம்’ என்றால் அவருக்கு வேலை அதிகம், ஃபைல் தாமதமாகும். அக்கா தலையாட்டியது வேறு காரணத்துக்கு. கல்யாணமாகாத பெண்ணுக்குக் காசநோய் என்று எங்கேயும் எழுத்தில் இருக்கக் கூடாது என்ற பயம். இந்த மாவட்டத்தில் அந்தப் பயத்துக்கு வயது அதிகம். 1928-ல் தாம்பரத்தில் சானடோரியம் தொடங்கிய டாக்டர் சௌரி முத்து, அதற்கு முன்பு இங்கிலாந்தில் மெண்டிப் மலையில் ஒரு சானடோரியம் நடத்தியவர். கணித மேதை ராமானுஜன் அங்கே அவரிடம் சிகிச்சை பெற்றிருக்கிறார். அந்தக் காலத்து வைத்தியமே நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, ஊரை விட்டுத் தள்ளி வைப்பது. அப்போது கிருமியைக் கொல்லும் மருந்து கையில் இல்லை. செங்கல்பட்டுத் திருமணியில் தொழுநோயாளிகளும் அப்படித்தான் தள்ளி வைக்கப்பட்டார்கள். ‘சானடோரியம்’ என்று ரயில் நிலையத்துக்கே பேர் இருக்கிறது, அங்கே இறங்குவதைப் பார்த்தாலே ஆளை ஒரு மாதிரி பார்த்த காலமும் இருந்தது.

அந்தத் தள்ளி வைப்பு தேவையில்லை என்று உலகத்துக்கு நிரூபித்ததும் நம் பக்கம்தான், மறந்துவிடாதே. 1956-ல் சென்னையில் காசநோய் வேதிச் சிகிச்சை மையம் தொடங்கினார்கள். சேத்துப்பட்டில் இருக்கும் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். நகரத்து ஏழை நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்தில் வைத்தும், மறு பாதியைக் குடிசையிலேயே விட்டு மாத்திரை கொடுத்தும் பார்த்தார்கள். வீட்டிலிருந்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானது, வீட்டாருக்குத் தொற்றுவதும் கூடவில்லை. 1959-ல் அந்த முடிவு வெளிவந்தது. அதற்குப் பிறகுதான் பல நாடுகளில் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சிட்னியில் உன் படத்தைப் பார்க்கப்போகும் டாக்டர் படித்துத் தேறிய பாடத்தில் மெட்ராஸ் இருக்கிறது. உன் பழைய நோயைப் பார்த்து அவர் முகம் சுளிக்கமாட்டார். அவருக்கு வேண்டியது தேதியும் மருந்தும் முடிவும்.

அதைச் சரியாகக் கொடுப்பதுதான் உன் வேலை. சிகிச்சை அட்டையைத் தேடு. 2012-லிருந்து இந்தியாவில் காசநோயைத் தனியார் டாக்டரும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். அந்தப் பதிவு ‘நிக்ஷய்’ என்ற அரசின் இணையப் பதிவேட்டில் இருக்கும். அட்டை தொலைந்திருந்தாலும், அப்போது நீ காட்டிய காசநோய்ப் பிரிவில் போய் நிக்ஷய் எண்ணைச் சொன்னால் பதிவை எடுத்துத் தர வழியிருக்கும். டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கு: எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் முடிந்தது, எந்தெந்த மாத்திரை, முதலில் சளியில் கிருமி இருந்ததா, கடைசியில் இல்லையா, சிகிச்சை முழுமையாக முடிந்ததா. ‘நோய் எதுவும் இல்லை, நலமாக இருக்கிறார்’ என்று வெறுமே எழுதித் தரும் சர்ட்டிபிகேட்டால் ஒரு பயனும் இல்லை. தேதி ஞாபகமில்லை என்றால் குத்துமதிப்பாக எழுதாதே. அட்டையில் ஒன்று, விண்ணப்பத்தில் ஒன்று என்றிருந்தால் அதுவும் ஒரு தலைவலி.

சமர்ப்பிக்கும் முன் விண்ணப்பத்தை முதல் பக்கத்திலிருந்து நீயே படிக்க வேண்டும் என்று ஏஜென்ட்டிடம் கேள். தயங்கினால் ஆளை மாற்று. ஆஸ்திரேலியாவில் பதிவு பெற்ற முகவர்களுக்குப் பதிவு எண் உண்டு, இணையத்தில் சரிபார்க்கலாம். இங்கே கடை போட்டிருப்பவருக்கு அது கட்டாயமில்லை என்பதையும் தெரிந்துகொள்.

உண்மையைச் சொன்னால் எல்லோருக்கும் விசா கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. காசநோய்க்குச் சொன்னது எல்லா நோய்க்கும் பொருந்தாது. நீண்ட காலச் செலவு வைக்கும் நோய்களுக்கு ஆஸ்திரேலியா ஒரு வரம்பு வைத்திருக்கிறது. 2024 ஜூலையில் அதை 86,000 டாலராக்கினார்கள். 2008-ல் விக்டோரியாவின் ஹோர்ஷம் ஊரில் வேலை பார்த்த ஒரு ஜெர்மானிய டாக்டருக்கு, மகனுக்கு டவுன் சிண்ட்ரோம் என்பதால் நிரந்தர வசிப்புரிமை மறுத்தார்கள். ஊரே திரண்டு குரல் கொடுத்து, அமைச்சர் தலையிட்ட பிறகுதான் கிடைத்தது. அந்த விதி நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. வளைகுடா நாடுகளின் மெடிக்கலில் ஆறிய தழும்புக்குக்கூட ‘அன்ஃபிட்’ போட்டு அனுப்புவது உண்டு, அதுவும் நியாயமில்லை. உன் விஷயம் அந்த வகையில் சேராது.

அக்காவிடம் இதைச் சொல். விசா கோப்பு பெண் பார்க்க வருகிறவர்களின் கைக்குப் போகாது. வருகிறவரிடம் என்ன சொல்வது, எப்போது சொல்வது என்பதை நீ தீர்மானித்துக்கொள். ஆபீஸில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கேட்க உரிமையுள்ளவர் கேட்டால் மட்டும் மறைக்காதே.

இன்னொன்று, உன் அப்பாவைப் பற்றி. மாமல்லபுரத்தில் இத்தனை வருடம் கருங்கல் செதுக்கிய நெஞ்சு அவருடையது. அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் படிந்தால் எக்ஸ்ரேயில் காசநோய் மாதிரியே தெரியக்கூடும். காசநோய் வரும் வாய்ப்பையும் கூட்டும். பின்னால் அவரையும் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொன்னாயே, அப்போது மெடிக்கல் டாக்டரிடம் அவருடைய தொழிலை முதலிலேயே சொல்லச் சொல். அதற்கு முன்னால் அடுத்த வாரம் அவரை இங்கே அனுப்பு. ஒரு படம் எடுத்துத் தேதி போட்டு வைத்துவிடலாம், பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். வரும்போது உன்னுடைய பழைய படத்தையும் கொடுத்தனுப்பு. சுருட்டாமல், வெயிலில் வைக்காமல்.

அன்புடன்,
மாமா