பாடினியரும் பார்வை வாணிகமும்

இசை செவிக்குரிய பொருள் என்பது எல்லார்க்கும் ஒப்பமுடிந்த உண்மை. ஆயினும், இஞ்ஞான்று அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பெருவழக்காயிருக்கும் பாப் இசையில், பாடுவோர் பெண்ணாயின், அவர்தம் குரலுக்கு முன்னே உருவம் வந்து நிற்கின்றது. ஆடவன் ஒருவன் கசங்கிய சட்டையும் கலைந்த தலையுமாய் மேடையேறினால், அவன் பாட்டைப் பற்றிப் பேசுகின்றனர். பெண்ணொருத்தி ஏறினாலோ, அவள் யாது உடுத்தினாள், எத்துணை உடுத்தினாள் என்பதே முதற்பேச்சாகின்றது. இந்நிலை எவ்வாறு உண்டாயிற்று, இதனால் ஆக்கம் எய்துவார் யார், கேடுறுவார் யார் என்பனவற்றைச் சிறிது ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். நம் கல்லூரி மாணவ மாணவியருட் பலர் அப்பாடல்களை நாடோறும் கேட்டு மகிழ்வோராகலின், இஃது அயலார் கதையென்று ஒதுக்கத்தக்கதன்று.

பாடும் மகளிரைப் பாடினி என வழங்கும் பழந்தமிழ்ச் சொல்லையே ஈண்டு மேற்கொள்கின்றேன். ‘பாப் தாரகை’ என்பாரும் உளர். தாரகைக்கு நோவும் பசியும் இல்லை. ஆதலின் அச்சொல் நம் ஆராய்ச்சிக்கு உதவாது.

முதற்கண் பொருளை வரையறுத்துக்கொள்ளல் வேண்டும். அமெரிக்க உளநூற் கழகத்தார் 2007-ஆம் ஆண்டில், சிறுமியர் காமப் பண்டமாக்கப்படுதல் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டனர். ஒருவருடைய மதிப்பு முழுவதும் பிறரைக் காமுறச் செய்யும் ஆற்றலிலேயே அடங்கியதாகக் கொள்ளப்படுதல், அழகு என்பதே காமக் கவர்ச்சி எனச் சுருக்கப்படுதல், தாமே எண்ணித் துணியும் உயிராகக் கருதப்படாது பிறர் நுகர்ச்சிக்குரிய பொருளாகக் கருதப்படுதல், தகாத முறையிற் காமவுணர்வு ஒருவர்மேற் சுமத்தப்படுதல் என்னும் நான்கனுள் ஒன்று உளதாயினும், அது காமப் பண்டமாக்கலேயாம் என்பது அவர்தம் கொள்கை. இந்நான்கனுள் ஆடையின் நீளத்தைப் பற்றி ஒரு சொல்லும் இன்மை நோக்கற்பாலது. முழம்போட்டு அளந்து ஒழுக்கத்தை முடிவுகட்டும் பெரியோர் நம் நாட்டிலும் மேனாட்டிலும் பலர். அவர் அளவுகோல் இவ்வாராய்ச்சிக்குச் சிறிதும் பயன்படாது. உடலை மறைத்தோளும் பண்டமாக்கப்படலாம். மறையாதோளும் தன்னை ஆளும் தலைவியாயிருக்கலாம்.

இவ்வாணிகம் நேற்றுத் தோன்றியதன்று. ஜோஸபின் பேக்கர் என்னும் கறுப்பின நங்கை 1925-ஆம் ஆண்டில், தமது பத்தொன்பதாம் வயதில், அமெரிக்காவை நீங்கிப் பாரிஸ் மாநகர் மேடையேறினார். அடுத்த ஆண்டு வாழைப்பழ வடிவங்களைக் கோத்த இடையணி ஒன்றோடு ஆடிப் பெரும்புகழ் எய்தினார். பின்னர் இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சு விடுதலைப் படைக்கு உளவறிந்து உதவியதும், 1963-இல் வாஷிங்டன் பேரணியில் உரிமைச் சொற்பொழிவு ஆற்றியதும், 2021-இல் பிரெஞ்சு நாட்டின் பெருமக்கள் கோயிலாகிய பாந்தியோனில் இடம்பெற்றதும் ஆகிய அனைத்தும் ஒருபுறம் கிடக்க, அவர் பெயர் சொன்ன அளவில் இன்றும் பலர் நினைவிற்கு வருவது அவ்விடையணியே.

எனினும், பாட்டையும் படத்தையும் பிரிக்கவொண்ணாதபடி பிணித்தது எம்.டி.வி. என்னும் தொலைக்காட்சி நிலையமேயாம். 1981-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் முதல் நாள் தொடங்கிய அந்நிலையம் முதன்முதல் ஒளிபரப்பியது, வானொலிக் கலைஞனை விடியோ கொன்றது என்னும் பொருள்படும் தலைப்புடைய பாடலையே. தலைப்பு நன்கு வாய்த்தது! இசைத்தட்டுக் குழுமங்கள் பாட்டுக்குப் படம் பிடித்து விளம்பரமாக அந்நிலையத்திற்கு வழங்கின. நாழிகைதோறும் வரும் பல படங்களிடையே ஒன்று கண்ணை நிறுத்த வேண்டுமாயின், அதற்கு எளிய வழி யாதென்பது வணிகர் அறியாததன்று. படம் பிடித்த செலவில் ஒரு பங்கைப் பாடுவோர்தம் வருவாயினின்றே பின்னர்க் கழித்துக்கொள்ளுதலும் அத்தொழிலில் வழக்கம். தன் உருவத்தை விலைப்படுத்தும் செலவையும் பாடினி தானே தாங்கினாள் என்பது இதனாற் போதரும்.

இப்புதிய களத்தில் முதற்பெருவெற்றி பெற்றவர் மடோனா. 1984-இல் மணமகளின் வெள்ளாடை பூண்டு மேடையிற் புரண்டு பாடி அவையோரைத் திகைப்பித்தார். 1989-இல் பெப்ஸிக் குழுமத்தார் அவருக்கு 50 இலட்சம் டாலர் கொடுத்து விளம்பரப் படம் ஒன்று எடுத்தனர். அதே பாட்டுக்கு அவர் தனியே எடுத்த படத்தில் எரியும் சிலுவைகளும் பிறவும் இருந்தமையாற் கிறிஸ்தவர் பலர் வெகுண்டெழ, குழுமத்தார் அஞ்சித் தம் விளம்பரத்தை நிறுத்தினர். பணம் மடோனாவிடமே தங்கிற்று. 1990-இல் அவருடைய வேறொரு படத்தை எம்.டி.வி. ஏற்க மறுத்தபோது, அதனையே ஒளிநாடாவாக விற்றுப் பொருள் ஈட்டினார். 1992-இல் தமக்கென ஒரு குழுமமும் நிறுவினார்.

இவரைப் பற்றி அறிஞர் இருவேறு கருத்தினர். கமில் பாலியா என்னும் அம்மையார் 1990-இல், மடோனாவே உண்மையான பெண்ணுரிமையாளர் என்று பாராட்டி எழுதினார். பெல் ஹூக்ஸ் என்னும் கறுப்பின அறிஞரோ, கறுப்பின மக்களின் வாழ்வையும் கலையையும் மடோனா தம் வாணிகத்திற்குக் கருவியாக்கினார் என்று 1992-இல் கடிந்தெழுதினார். மடோனாவின் செயல்கள் எனக்கு உவப்பன அல்ல. ஆயினும், அவர் பிறர் கைப்பாவை அல்லர் என்பதை மறுத்தல் இயலாது. கணக்கும் அவர் கையில், கயிறும் அவர் கையில். அவர் வழியைப் பின்னர் வந்த இளம் பாடினியர்க்குக் குழுமங்கள் விதியாக வகுத்தபோதுதான் கேடு விளைந்தது. தலைவி துணிந்து செய்தது ஊழியர்க்குக் கடமையாயிற்று.

இதற்குப் பிரிட்னி ஸ்பியர்ஸின் வரலாறே போதிய சான்று. லூயிசியானா மாநிலத்தில் கென்ட்வுட் என்னும் சிற்றூரில் வளர்ந்த இவருடைய முதற்பாட்டு 1998-இல் வெளிவந்தபோது, இவருக்கு வயது 16. பள்ளிச் சீருடையை இடைதெரிய முடிந்து இவர் ஆடிய படம் உலகெங்கும் பரவிற்று. 1999-இல் ரோலிங் ஸ்டோன் இதழ், பதினேழு வயதே நிரம்பிய இவரை உள்ளாடையோடு தன் முகப்பில் அச்சிட்டது. அதே காலத்தில் இவர் கன்னியோ அல்லரோ என்னும் வினாவை, வளர்ந்த ஆடவரும் மகளிரும் செய்தியாளர் என்னும் பெயரால், இவர் முகத்தெதிரே வினவினர். ஒருபுறம் மாசற்ற சிறுமி, மறுபுறம் ஆடவர் காமுறும் மடந்தை. இவ்விரண்டையும் ஒருங்கே விற்றனர். இரண்டும் ஓருடலில் எங்ஙனம் பொருந்தும் என்று எண்ணினாரில்லை.

ஈண்டு ஒரு தடை எழும். பள்ளிச் சீருடை என்னும் எண்ணத்தைக் கூறியவர் பிரிட்னியே என்று அப்படத்தை இயக்கியவர் சொல்லியுள்ளார். அற்றேல், அவர் விரும்பிச் செய்ததற்குப் பிறரை நோவானேன் எனின், கூறுதும். அவர் எண்ணம் அவருடையதே. அதனை இல்லையென்று அவரை அறிவிலியாக்குதலும் ஓர் இழிவே. ஆயின், எத்தகைய எண்ணம் கூறினால் முதியோர் கைகொட்டி ஏற்பர், எத்தகையது கூறினாற் கேளாச் செவியராவர் என்பதைக் கூர்மதியுடைய பதினாறு வயதுச் சிறுமி அறியாதிராள். நான்கு கதவுகளுள் மூன்று அடைத்திருப்ப, திறந்த ஒன்றிற் புகுந்தவளை ‘நீயே தேர்ந்தாய்’ என்பது நடுவுநிலைமை ஆகாது.

இதனினும் கொடியது பின்னர் நேர்ந்தது. 2008-ஆம் ஆண்டில் கலிபோர்னியா நீதிமன்றம், பிரிட்னி தம்மையும் தம் பொருளையும் காத்துக்கொள்ளும் நிலையில் இல்லை எனக் கொண்டு, அவர் தந்தையின் பொறுப்பில் அவரை வைத்தது. அக்காப்பு 13 ஆண்டுகள் நீடித்தது. அக்காலத்திலேதான் 2013 முதல் 2017 வரை லாஸ் வேகாஸ் நகர அரங்கொன்றில் அவர் தொடர்ந்து பாடியும் ஆடியும் வந்தார். தம் பணத்தைச் செலவிடத் தகுதியில்லாதவர், அப்பணத்தை ஈட்ட மட்டும் தகுதியுடையவராயினார். தம் உடலைப் பற்றித் தாம் முடிவு செய்யலாகாதவர், அவ்வுடலை அரங்கிற் காட்ட மட்டும் இசைவு பெற்றார். 2021-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் அவர் நீதிமன்றத்தில் வாய்திறந்தபோது, தாம் மணந்து மகப்பெற விரும்புவதாகவும், கருத்தடைக் கருவியை அகற்றத் தமக்கு இசைவளிக்கப்படவில்லை எனவும் கூறினார். அவ்வாண்டு நவம்பர் 12-ஆம் நாள் அக்காப்பு முடிவுற்றது. உளநூற் கழகத்தார் கூறிய மூன்றாம் இலக்கணத்திற்கு இதனின் மிக்க எடுத்துக்காட்டு யான் அறிந்ததில்லை.

இனி, பழி யார்மேல் விழுகின்றது என்பதையும் காண்போம். 2004-ஆம் ஆண்டு பெப்ருவரி முதல் நாள், ஹூஸ்டன் நகரில் நிகழ்ந்த சூப்பர் பௌல் காற்பந்துப் போட்டியின் இடைவேளையில் ஜேனட் ஜாக்ஸன் பாடினார். உடன் பாடிய ஜஸ்டின் டிம்பர்லேக் என்பார் இறுதியில் அவர் மேலாடையின் ஒரு பகுதியைப் பறித்தார். உள்ளாடையும் உடன் கிழிந்து, மார்பின் ஒருபுறம் நொடிப்பொழுதிற்கும் குறைவாகத் தொலைக்காட்சியிற் புலப்பட்டது. அரசின் ஆணையத்திற்கு ஐந்து இலட்சத்திற்கு மேற்பட்ட முறையீடுகள் குவிந்தன. சி.பி.எஸ். நிறுவனத்திற்கு 5,50,000 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. அதனை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008-இலும் மீண்டும் 2011-இலும் தள்ளிற்று. நிறுவனம் தப்பிற்று. ஆடையைப் பறித்தவரோ அடுத்த வாரமே கிராமி விழாவிற் கலந்துகொண்டு, இரண்டு பரிசும் பெற்று மீண்டார். ஜேனட்டுக்கு அவ்விழாவில் இடமில்லாது போயிற்று. அவர்தம் இசை வாழ்க்கையும் நெடுநாள் தளர்வுற்றது. 2018-இல் அதே போட்டியின் இடைவேளையிற் பாட டிம்பர்லேக் மீண்டும் அழைக்கப்பட்டார். ஜேனட்டிடமும் பிரிட்னியிடமும் அவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது 2021-ஆம் ஆண்டில். அஃதாவது 17 ஆண்டுகட்குப் பின்னர்.

பறித்த கை ஒன்று, பழி சுமந்த தோள் வேறொன்று. அம்முறையீடுகளை எழுதினோருட் பலர் ஒழுக்கத்திற் பற்றுடைய நன்மக்களே என்பதில் ஐயமில்லை. எனினும், காமப் பண்டமாக்கலைக் கண்டிக்கப் புகுந்தோர் தாமே அப்பெண்ணை ஓர் உறுப்பாக மட்டும் கண்டனர். ஒழுக்கம் பேசும் நம்மனோர் இதனை நெஞ்சிற் கொள்ளல் நலம்.

இவ்வாணிகத்தின் உள்ளறையில் மகளிர் எத்துணையர்? தென்கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர், 2012 முதல் 2017 வரை மக்களாற் பெரிதும் விரும்பப்பட்ட 600 பாடல்களை ஆராய்ந்து 2018-இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். பாடினோரில் மகளிர் நூற்றுக்கு 22.4, இயற்றினோரில் 12.3, அவற்றுள் 300 பாடல்களை எடுத்துக்கொண்டு நோக்கியவழி, ஒலிப்பதிவை வகுத்து நடத்தும் தயாரிப்பாளரில் நூற்றுக்கு 2 பேரே. முகம் காட்டுமிடத்தில் ஓரளவு இடம், முடிவு செய்யுமிடத்தில் ஏறக்குறைய இன்மை. வேறு விளக்கம் வேண்டா.

மறுத்து நின்றோரும் உளர். அயர்லாந்து நாட்டு ஷினேட் ஓ’கானர் தம் முதல் இசைத்தொகுதி 1987-இல் வெளிவருமுன், கூந்தலை வளர்த்துக் குட்டைப்பாவாடை உடுக்குமாறு குழுமத் தலைவர் கூற, நேரே முடிதிருத்தகம் சென்று தலையை முழுதும் மழித்துக்கொண்டதாகத் தம் வரலாற்று நூலில் எழுதியுள்ளார். 2013-இல் மைலி சைரஸ் என்னும் இளம் பாடினிக்கு, குழுமத்தார் நின் உடலை விற்றுப் பொருளீட்ட விடாதே என்னும் கருத்துப்பட வெளிப்படையான மடல் வரைந்தார். மைலியோ, மூத்தவருடைய மனநோயைச் சுட்டி எள்ளினார். மடலிற் கடுஞ்சொல் மிகுதி. எனினும், தம் தொழிலில் இளையாள் ஒருத்தி ஏமாறலாகாதே என்னும் தாய்மை நெஞ்சம் அதில் உண்டு. ஷினேட் 2023-இல் மறைந்தார்.

பில்லி ஐலிஷ் என்பவர் 2001-இற் பிறந்தவர். உடல் தெரியாத தளர்ந்த பேராடைகளையே அணிந்து பாடி, 2020-இல் ஒரே இரவில் ஐந்து கிராமிப் பரிசுகளைப் பெற்றார். தம் உடலைக் காணாதார் அதனைப் பற்றி யாதும் கூறவியலாது என்பதே அவர் சொன்ன காரணம். ஒழுக்கமுடையார் பலர் உடனே அவரைக் கொண்டாடி, அவர் ஆடையைக் காட்டிப் பிற பாடினியரை இழித்துரைத்தனர். தம் பெயராற் பிறரை இகழ்தலைத் தாம் வெறுப்பதாக ஐலிஷ் தெளிவாகக் கூறியும் அவர் கேட்டிலர். 2021-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வோக் இதழ் முகப்பில் அவர் இறுக்கிய மார்க்கச்சோடு, தம் விருப்பினாலேயே தோன்றினார். முன்னர்ப் புகழ்ந்தோருட் பலர் அந்நாளே தூற்றத் தலைப்பட்டனர். அப்போது அவருக்கு வயது 19. தம் உடலைப் பற்றிப் பிறர் கொள்ளும் எண்ணத்திற்குத் தாம் பொறுப்பல்லர் என்னும் கருத்துடைய உரைப்பகுதி ஒன்றை அவர் முன்னரே இயற்றியிருந்தார்; அவ்வாண்டு ஜூலைத் திங்கள் வெளிவந்த இசைத்தொகுதியில், பாட்டுகளின் நடுவே, அதனையும் சேர்த்து வெளியிட்டார்.