முதுகெலும்பைத் தொட்டுப் பாருங்கள்

தலையைக் குனியுங்கள். பின்கழுத்தின் அடியில் விரலை வையுங்கள். ஒரு மேடு தட்டுப்படுகிறதா? அது எலும்பு. விரலைக் கீழே நகர்த்துங்கள். முடிச்சு முடிச்சாக வரும். இந்த வரிசைதான் முதுகெலும்பு.

முதுகெலும்பு ஒரே கம்பு அல்ல. அப்படி இருந்தால் குனிந்து நாற்று நட முடியுமா? குழந்தையைத் தூக்க முடியுமா? சிறு சிறு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. பிறக்கும்போது 33 எலும்புகள். கழுத்தில் 7, மார்புக்குப் பின்னால் 12, இடுப்பில் 5. அதற்கும் கீழே உள்ள 9 எலும்புகள் நாம் வளர வளர ஒட்டிக்கொண்டு இரண்டாகிவிடும். ஆகவே பெரியவர்களுக்கு 26. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்திலும் எலும்புகள் ஏழேதான்! ஆனால் ஒவ்வொன்றும் நீளமானது.

எலும்போடு எலும்பு உரசக் கூடாது அல்லவா? அதற்காக நடுவே ஒரு மெத்தை இருக்கிறது. சிலர் டிஸ்க் என்பார்கள். சிலர் ஜவ்வு என்பார்கள். வெளியே கெட்டியான நார் வளையம். உள்ளே நுங்கு போலக் கொழகொழப்பு. பகலில் பாரம் ஏறி இது அமுங்கும். இரவில் படுத்தால் நீரை இழுத்து உப்பும். அதனால் மாலையைவிடக் காலையில் நாம் சுமார் 1 சென்டிமீட்டர் உயரம் கூடுதல். சந்தேகமா? சுவரில் கோடு போட்டுப் பாருங்கள்.

தண்ணீர் வாளியை மார்போடு அணைத்துப் பிடியுங்கள். பிறகு கையை நீட்டிப் பிடியுங்கள். எது கனக்கிறது? வாளி ஒன்றுதான். ஆனால் தள்ளிப் போனால் பாரம் கூடும். 50 கிலோ சிமெண்டு மூட்டையை, முழங்காலை மடக்காமல் குனிந்து தூக்கினால் இதுதான் நடக்கிறது. இடுப்பு டிஸ்க்கின்மேல் பல மடங்கு பாரம் விழும். நார் வளையம் விரிசல் விடும். உள்ளே இருப்பது பிதுங்கி நரம்பை அழுத்தும். இடுப்பில் பிடித்த வலி பாதம்வரை இறங்கும்.

குந்தி உட்காருங்கள். மூட்டையை உடம்போடு சேர்த்துப் பிடியுங்கள். கால் பலத்தில் எழுந்திருங்கள். திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள். மேஸ்திரி அவசரப்படுத்தத்தான் செய்வார். இருவராகத் தூக்குவது சோம்பேறித்தனம் அல்ல.

முதுகு வலித்தால், கால் முதலில் வெளிவந்து பிறந்தவரைக் கூப்பிட்டு மிதிக்கச் சொல்கிறார்களே, அது வேண்டாம். பெரும்பாலான முதுகுவலி சில வாரங்களில் தானே குறையும். படுத்தே கிடக்காமல் மெல்ல நடமாடுவது நல்லது. ஆனால் கால் மரத்துப் போனாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, தானே ஒழுகினாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாள்பட்ட வலியோடு காய்ச்சலும் உடல் மெலிவும் இருந்தால் அது காசநோயாக இருக்கலாம். காசநோய் முதுகெலும்பையும் அரிக்கும். அரசு ஆஸ்பத்திரியில் காசநோய்க்கு மருந்து இலவசம். முழுக் காலமும் சாப்பிட வேண்டும்.

இந்த எலும்புகளுக்கு இன்னொரு பெரிய வேலை உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு துளை இருக்கிறது. துளைகள் சேர்ந்து குழாய் போல ஆகின்றன. அதற்குள் தண்டுவடம் ஓடுகிறது. சுண்டுவிரல் பருமன், சுமார் 45 சென்டிமீட்டர் நீளம். அதிலிருந்து 31 ஜோடி நரம்புகள் பிரிகின்றன. 'காலைத் தூக்கு' என்று மூளை சொல்வது இந்த வழியாகத்தான் போகிறது. எலும்பு ஒடிந்தால் கூடும். தண்டுவடம் அறுந்தால் கூடாது.

ஒருவர் மரத்திலிருந்தோ, கட்டடச் சாரத்திலிருந்தோ விழுந்துவிட்டார். நாம் என்ன செய்கிறோம்? ஓடிப்போய்க் கையையும் காலையும் பிடித்துத் தூக்குகிறோம். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்கிறோம். நல்ல மனதோடுதான் செய்கிறோம். ஆனால் ஒடிந்த எலும்பு அப்போது நகர்ந்து தண்டுவடத்தை நசுக்கிவிடலாம். விழுந்தபோது அசைந்த கால், தூக்கிய பிறகு அசையாமல் போய்விடலாம்.

அவர் கிடக்கிறபடியே இருக்கட்டும். ஒருவர் தலையை இருபுறமும் பிடித்து ஆடாமல் வைத்திருக்கட்டும். இன்னொருவர் 108க்குப் போன் செய்யட்டும். வண்டி வர வழியே இல்லையா? நாலைந்து பேர் சேருங்கள். தலை, முதுகு, கால் ஒரே நேராக இருக்கும்படி மரக்கட்டையைப் புரட்டுவது போலப் புரட்டி ஒரு பலகையில் கிடத்துங்கள். பலகை இல்லாவிட்டால் வீட்டுக் கதவைக் கழற்றுங்கள்.