ஒப்பந்தக் காலம் முடிந்தபின் வாடகை

துபாயில் வாடகை ஒப்பந்தத்தின் கடைசி நாள் கடந்ததும் வாடகைக் கடமையும் நின்றுவிடும் எனக் கருதுவோர் உளர். மறுநாளே வீட்டைக் காலி செய்ய வேண்டுமோ என அஞ்சுவோரும் உளர். இரண்டும் பிழை.

2007 ஆம் ஆண்டின் 26 ஆம் எண் சட்டம், 6 ஆம் பிரிவில் இதனைத் தெளிவுபடுத்துகிறது. காலம் முடிந்தபின்னும் வாடகைதாரர் குடியிருக்க, உரிமையாளர் மறுப்புத் தெரிவிக்காவிடில், ஒப்பந்தம் பழைய நிபந்தனைகளுடனேயே புதுப்பிக்கப்பட்டதாகும். புதிய காலம், பழைய கால அளவு அல்லது ஓராண்டு, எது குறைவோ அது. தேராவில் ஆண்டுக்கு 48,000 திர்ஹாம் வாடகையில் எடுத்த வீட்டின் ஓராண்டு ஒப்பந்தம் ஜூன் 30 அன்று முடிந்ததாகக் கொள்வோம். இரு தரப்பும் வாய் திறக்கவில்லை. ஜூலை 1 முதல் மேலும் ஓராண்டுக்கு அதே வாடகை பொருந்தும். கையொப்பம் இல்லை எனக் கூறி அதனை மறுக்க இயலாது.

உயர்வு கோரும் உரிமையாளர், வேறு உடன்பாடு இல்லாவிடில், முடிவுநாளுக்கு 90 நாள்களேனும் முன்னதாக அறிவிக்க வேண்டும். கடைசி வாரத்தில் வரும் கோரிக்கை காலங்கடந்ததே. விற்பனைக்காகவோ சொந்தக் குடியிருப்புக்காகவோ வீட்டைக் கேட்பவர், நோட்டரி வழியாகவோ பதிவுத் தபாலிலோ 12 மாத அறிவிப்புத் தர வேண்டும்.

உயர்வு குறித்த பிணக்கில் உரிமையாளர் பழைய வாடகையை வாங்க மறுப்பதுண்டு. அப்போது பணத்தைக் கையில் வைத்துக் காத்திருப்பதே பெரும் ஆபத்து. அறிவிப்புக் கிடைத்த 30 நாள்களுக்குள் வாடகை செலுத்தப்படாவிடில் வெளியேற்றம் கோரச் சட்டம் இடமளிக்கிறது. வாடகைப் பிணக்குத் தீர்வு மையத்தில் தொகையை வைப்புச் செய்து ரசீது பெறுவதே வாடகைதாரருக்குக் காப்பு.

இவ்விதிகள் துபாய்க்கு மட்டுமே உரியவை. அபுதாபிக்கும் ஷார்ஜாவுக்கும் தனிச் சட்டங்கள் உள்ளன.