வார இறுதி வீட்டுக்கு எத்தனை வாட்?

சோலார் வேலையில் இறங்கியிருக்கும் எலக்ட்ரீஷியனா நீங்கள்? கொடைக்கானல் பக்கம் ஒற்றை அறைக் காட்டேஜுக்கு அழைப்பு வந்தால் கூரையை அளக்க ஓடாதீர்கள். முதல் கேள்வி, "வாரத்துல எத்தனை நாள் தங்குவீங்க சார்?"

சனி, ஞாயிறு மட்டும் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 9 வாட் எல்இடி பல்பு ஆறு, ஐந்து மணி நேரம் எரிந்தால் 270 வாட்-மணி. சின்ன ஃபிரிட்ஜ் 800. போன், லேப்டாப் 200. அரை ஹெச்பி மோட்டார் கால் மணி நேரம் ஓட 125. நாளொன்றுக்கு 1.4 யூனிட், இரண்டு நாளுக்கு 2.8. ஹீட்டரைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள்; 2,000 வாட் ஹீட்டர் முக்கால் மணி நேரத்தில் ஒரு நாள் மின்சாரத்தையும் தின்றுவிடும். கேஸ் கீசர் போடச் சொல்லுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மலையில் வெயிலே தலைகாட்டாத வார இறுதி உண்டு. இரண்டு நாளையும் பேட்டரி தனியாகத் தாங்க வேண்டும். இன்வெர்ட்டர் இழப்போடு 3.1 யூனிட் செலவாகும். லித்தியத்தில் 80 சதவீதம் எடுக்கலாம் என்றால் 4 யூனிட் பேட்டரி போதும். லெட் ஆசிட்டைப் பாதிக்குமேல் இறக்கக் கூடாது என்பதால் அதில் 6 யூனிட்டுக்கு மேல் வேண்டும்.

பேனல் சிறிதாக இருக்கலாம், நிரப்ப ஐந்து நாள் இருக்கிறதே. 330 வாட் பேனலுக்கு 3.5 மணி நேர முழு வெயில், கால்வாசி இழப்பு என்று போட்டால் நாளுக்கு சுமார் 870 வாட்-மணி, ஐந்து நாளில் 4.3 யூனிட். தாராளம்.

ஆனால் பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஆளில்லாத வீட்டில் இன்வெர்ட்டர் ஆனிலேயே கிடந்தால், எந்த லோடும் இல்லாமலே 20 வாட் இழுக்கக்கூடும். ஐந்து நாளில் 2.4 யூனிட் போய்விடும். பேட்டரிக்கு மிஞ்சுவது 1.9தான். சனிக்கிழமை வந்தவர் ஞாயிறு இருட்டில் உங்களைத்தான் திட்டுவார். கிளம்பும்போது ஃபிரிட்ஜைக் காலி செய்து, இன்வெர்ட்டரை அணைக்கச் சொல்லி சுவிட்சருகே பெரிய எழுத்தில் ஒட்டிவிட்டு வாருங்கள். பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் சார்ஜ் கன்ட்ரோலர் மட்டும் ஓடட்டும்.

இன்வெர்ட்டரின் அளவு வேறு கணக்கு. மோட்டார் கிளம்பும்போது ஓடும் கரன்ட்டைப்போல் பல மடங்கு இழுக்கும். அந்த நொடியைத் தாங்குவதாகப் பார்த்து வாங்குங்கள்.

கொட்டேஷனில் விலைக்கு மேலே இந்த லோடு பட்டியலை எழுதி, தங்கும் நாட்களையும் குறித்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நாளைக்கு அவர் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கி வந்தால், பேச்சை அந்தத் தாளிலிருந்து தொடங்கலாம்.