பாரதியாரின் விகடச் சித்திரங்கள்

எழுத்தறியாதாரும் கண்ட மாத்திரத்தே பொருளுணரத் தக்கது சித்திரம். நகைப்பின் வாயிலாக அரசியலை இடித்துரைக்கும் விகடச் சித்திரத்தை, இலண்டனில் 1841-ம் ஆண்டு தோன்றிய 'பஞ்ச்' பத்திரிகை பெரிதும் பரப்பிற்று. தமிழ்ப் பத்திரிகைகளில் அதனை முதற்கண் கையாண்டவர், நம் தூத்துக்குடி மாவட்டத்து எட்டயபுரத்திற் பிறந்த சுப்பிரமணிய பாரதியார் (1882–1921) என்பர்.

1906-ம் ஆண்டு சென்னையில் எழுந்த 'இந்தியா' வாரப் பத்திரிகையில் அவர் இச்சித்திரங்களை வெளியிடலானார். கருத்து அவருடையது, வரைந்தோர் பிறர். சித்திரத்தை விளக்கும் உரையும் உடன் வந்தது. நூற்றுவரிற் பதின்மரும் எழுத்தறியாத அக்காலத்தில், ஒருவர் உரையைப் படிப்பின் ஏனையோர் படத்தைக் கண்டு தெளியலாம் அன்றோ?

அவ்வாண்டிலேயே, முத்துக்குளிப்பாற் புகழ்பெற்ற தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவினார். கப்பல் கடலிற் செய்த போரைச் சித்திரம் தாளிற் செய்தது. இரண்டிற்கும் இடுக்கண் ஒருங்கே வந்தது. 1908-ல் சிதம்பரனார் சிறை புகுந்தார். 'இந்தியா'வின் சட்டப்படியான ஆசிரியரும் சிறைப்பட்டார். பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியை அடைந்து, ஆங்கிருந்தே பத்திரிகையைச் சித்திரங்களோடு நடத்தினார். பிரிட்டிஷ் எல்லையுள் அது புகாவாறு தடுக்கப்படவே, 1910-ல் நின்றது. சித்திரங்களுக்கென்றே 'சித்திராவளி' என்னும் தமிழ்–ஆங்கில இதழை நடத்த அவர் கொண்ட எண்ணமும் ஈடேறவில்லை.

நிற்க. சித்திரம் பயிலும் நம் மாணவர் இதனால் அறியத்தக்கது யாது? கைத்திறம் பழக்கத்தால் வரும். சொல்லத்தக்க கருத்தும், அதனைச் சொல்லும் அஞ்சாமையும் வாய்த்தபோதே கோடு பேசும்.